"கண்ணால கண்டீங்களா?" என்று கேட்ட பிலோமினா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்காலத்தில் என் போன் அடித்தால் எனக்கு ஒரு பயம். அனர்த்த நிவாரண வேலைக்கு வந்து எட்டு வருடமாகியும் அது போகவில்லை. தெரியாத நம்பர். ஆறு பெருகிவிட்டது, ஆட்களை அனுப்புங்கள் என்று யாரோ சொல்லப்போகிறார்கள் என்றுதான் எடுத்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் பேசினார். "நான் பிலோமினா அக்காட பக்கத்து வீடு. அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா. ஹார்ட் அட்டாக்காம். அவட போன்ல கடைசி மெசேஜ் உங்களுக்குத்தான் போயிருந்திச்சு. அதுதான் எடுத்தன்."

அந்தக் கடைசி மெசேஜ் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே எழுதினால் மிச்சத்தை எழுத எனக்குத் தைரியம் வராது. எங்கள் குழுவில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும், மட்டக்குளி ஒழுங்கைகளில் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரை உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயம் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். இப்போது நான் மட்டும்.

பிலோமினா அக்கா எங்களிடம் பயிலுநராக வந்தவர், அதுவும் ஐம்பத்துநாலு வயதில்! பயிலுநர் தேவை என்று நாங்கள் போட்ட விளம்பரத்தில் வயதெல்லை போடவில்லை. போட மறந்தது நான்தான். பல்கலைக்கழகம் முடித்த ஐந்து பிள்ளைகள் நேர்முகத்துக்கு வந்து இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இவர் இருந்தார். ஏதோ ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா என்று நினைத்து, வெளியே இருக்கச் சொன்னேன். "நானும் இன்டர்வியூவுக்குத்தான் வந்தனான் மிஸ்" என்றார். எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது.

உங்களிடம் உள்ள பெரிய பலவீனம் என்ன என்று எல்லோரிடமும் கேட்டோம். பிள்ளைகள் எல்லாம் படித்துக்கொண்டு வந்த பதிலைச் சொன்னார்கள். இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பயம் மிஸ். எனக்குச் சரியான பயம். தண்ணிக்குப் பயம், இடிக்குப் பயம், நாய்க்கும் பயம்." அப்படியென்றால் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று எங்கள் பொறுப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "மனிசன் இல்லை. ஒரே மகன் மெல்பனில. வீட்டில தனிய இருந்து சும்மா பயப்படுறன். இங்க வந்து பயந்தா ஆருக்காவது பிரயோசனமா இருக்கும்." எடுத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், இரண்டு கிழமையில் தானாகவே நின்றுவிடுவார் என்று நினைத்துத்தான் எடுத்தோம்.

படகுப் பயிற்சியை இங்கே பலர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு வாவி. ரப்பர் படகு கரையை விட்டு நகர்ந்ததுமே அக்கா இரண்டு கையாலும் பக்கக் கயிற்றைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடி, "அருள்நிறைந்த மரியே" என்று சத்தமாகத் தொடங்கிவிட்டார். ஒரு சுற்று முடியும்வரை நிறுத்தவேயில்லை. கரைக்கு வந்ததும் ஒரு பற்றைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என்னிடம், "அடுத்த ரவுண்ட் எத்தனை மணிக்கு மிஸ்?" என்றார். அன்று அவர் நாலு தரம் ஏறினார். நாலு தரமும் சத்தி எடுத்தார்.

இதற்கு முன் அவர் முப்பது வருடம் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்தவர். கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகள் காகிதத்தில் சொன்னபடி இருக்கின்றனவா என்று வெயிலில் நின்று எண்ணுவதுதான் வேலை. "பேப்பர் வந்திரும் மிஸ். கப்பலும் வந்திரும். பெட்டி மட்டும் வந்திராது. நான் கண்ணால கண்டதைத்தான் எழுதுவன்" என்பார். அந்தப் பழக்கத்தை எங்கள் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தார். சேர் வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், "கண்ணால கண்டீங்களா?" தண்ணீர்ப் போத்தல்கள் ஏற்றியாயிற்று என்றால், "கண்ணால கண்டீங்களா?" ஐயோ, எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். அவர் இல்லாத நேரம் அவர் குரலில் பேசிக் காட்டிச் சிரிப்போம். நன்றாகப் பேசிக் காட்டியது நான்.

மழைக்கு முன் மட்டக்குளியில் ஆற்றோரம் இருக்கிற ஒழுங்கைகளுக்கு அவரை அனுப்பினேன். நடக்க முடியாதவர்கள் எந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்று பெயரும் இலக்கமும் எழுதி வந்தால் போதும். அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கட்டில் எந்த அறையில், யன்னலுக்குக் கீழேயா சுவரோரமா, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, எந்தக் கை வேலை செய்யும், நாய் கடிக்குமா. "வெள்ளத்தில நாய் எங்கயக்கா நிண்டு கடிக்கப்போகுது?" என்று நக்கலடித்தேன். "எனக்குப் பயம் மிஸ். அதுதான் எழுதினன்" என்றார். அந்தக் கொப்பியில் ஒரு பக்கம், டெரன்ஸ் என்கிற மீன்வாடித் தொழிலாளியின் அப்பாவைப் பற்றியது. பக்கவாதம். இடப்பக்கம் அசையாது, வலக்கை நல்லது. பின் அறை, கட்டில் கம்பி யன்னலுக்குக் கீழே.

இனி அந்த நாள்.

களனி கங்கை காலையிலேயே கரையை மீறிவிட்டது. அருகில் ஒரு பாடசாலையை முகாமாக்கியிருந்தார்கள். அதிபரின் அறையில் ஒரு மேசையும் இரண்டு போனும் என்னிடம். வாசலில் பதிகிற பெயர்கள் எனக்கு வரும். நடக்க முடியாதவர்களின் பட்டியலில் அந்தப் பெயர்களுக்கு நேரே நான் சரி அடையாளம் போடுவேன். ஒரு ஒழுங்கையில் எல்லோருக்கும் சரி போட்டாயிற்று என்றால் படகுகளை அடுத்த ஒழுங்கைக்குப் போகச் சொல்வேன். பதினொரு மணிக்கு முன்பே டெரன்ஸின் ஒழுங்கையில் எல்லாப் பெயருக்கும் சரி விழுந்துவிட்டது. படகுத் தலைவர் போனில் சிங்களத்தில் கேட்டார்: "நங்கி, ஹரித?" தங்கச்சி, சரிதானா என்று. "ஹரி அய்யே" என்றேன், சரி அண்ணா என்று. அவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கம் போய்விட்டார்கள். அந்த ஒழுங்கை முடிந்தது என்று மேலிடத்துக்கும் அறிவித்துவிட்டேன்.

அப்போது அக்கா உள்ளே வந்தார். காலையில் போட்ட லைஃப் ஜக்கெட்டைத் தரையிலும் கழற்றவில்லை. "மிஸ், டெரன்ஸ்ட அப்பாவைக் கண்ணால கண்டீங்களா?"

"பேர் கிடக்கு அக்கா. வாசலில பதிஞ்சிருக்கு."

"பேர் கிடக்குது மிஸ். ஆள் எந்த வகுப்பில?"

இரண்டு போனும் அடித்துக்கொண்டிருந்தன. எனக்கு நெஞ்சு முழுக்கப் பதற்றம், அதை யார் மீதாவது கொட்டவேண்டும். "அக்கா, உங்கட பயத்துக்கு மருந்து தேட எனக்கு இப்ப நேரமில்லை. அங்கால போய்ப் பாய் குடுங்கோ" என்றேன். அறையில் நின்ற மற்றப் பயிலுநர் பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். அக்கா "சரி மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பாய் கொடுக்கப் போகவில்லை. வகுப்பு வகுப்பாகப் போய், ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார். அரை மணித்தியாலத்தில் டெரன்ஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். என்னைக் கண்டதும், "மிஸ், அப்பாவை எங்க வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். தண்ணீர் வீட்டுக்குள் வந்ததும் டெரன்ஸ் கட்டிலை இரண்டு மேசைக்கு மேல் ஏற்றி, அப்பாவை அதில் படுக்க வைத்துவிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் முகாமுக்குக் கொண்டுவந்தார். அப்பா எப்படியும் பின்னால் வரப்போகிறார், அவருக்கும் ஒரு பாயும் சாப்பாட்டுப் பார்சலும் எடுத்து வைப்போம், பிந்தினால் முடிந்துவிடும் என்று வாசலில் அவருடைய பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். நம்மில் யார்தான் கொடுக்கமாட்டோம்? திரும்பிப் போகப் பார்த்தபோது தண்ணீர் கழுத்தளவு, ஒழுங்கை முனையில் காவலுக்கு நின்றவர்கள் மறித்துவிட்டார்கள். அப்பா உள்ளே என்று கத்தியிருக்கிறார். அங்கே நின்றவர்கள் பட்டியலைக் கேட்டு விசாரித்துவிட்டு, "உங்கட அப்பா முகாமுக்கு வந்திட்டார், போய்ப் பாருங்க" என்றார்கள். அவர் கொடுத்த பெயர் என்னிடம் வந்து, என்னிடமிருந்து படகுகளுக்குப் போய், நல்ல செய்தியாக அவரிடமே திரும்பி வந்திருக்கிறது. அதை நம்பி, அந்த மனிதர் வகுப்பு வகுப்பாக அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும். இனிச் சொல்வது தெரியாது.

நான் உடனே படகைக் கூப்பிடவில்லை. போன் கையில்தான் இருந்தது. "ஹரி" என்று சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது? மேலிடத்துக்கு என்ன சொல்வது? ஆறு வருட வேலை என்னாகும்? ஒருவேளை யாராவது அவரை, ஆட்கள் தங்கியிருந்த பக்கத்துக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. டெரன்ஸிடம், "அங்க ஒருக்காப் பார்த்திட்டு வாங்கோ" என்று சொன்னேன். அவர் ஓடினார். மண்டபத்துக்குப் போன் எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். திரும்ப. சுவரில் அதிபரின் மணிக்கூடு இருந்தது. கால் மணித்தியாலம் போனது எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்கா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் என் இரண்டாவது போனை எடுத்து என் முன்னால் வைத்தார். "மிஸ், பிழை ஆர்ட எண்டு பிறகு பார்ப்பம். இப்ப படகைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். "ஹரி நே அய்யே." சரியில்லை அண்ணா. "ஒருவர் உள்ளே இருக்கிறார்." அவர் வேறொன்றும் கேட்காமல், "எனவா" என்றார். வருகிறோம்.

படகு வந்தபோது வீட்டைக் காட்ட ஆள் இல்லை. டெரன்ஸை நான்தான் கோயில் மண்டபத்துக்கு விரட்டியிருந்தேனே. அக்கா கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். முன் கதவைத் தண்ணீர் அடைத்திருந்தது. கொப்பியில் எழுதியிருந்தபடி பின் பக்கம் போகச் சொல்லியிருக்கிறார். யன்னல் கம்பியில் ஒரு கை தெரிந்தது. வலக்கை. அந்த ஒரு கையால் அந்த மனிதர் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். தண்ணீர் நாடியில் நின்றது. கம்பியை அறுத்து அவரை வெளியே எடுத்துவிட்டார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். இந்த முறை அக்கா கண்ணை மூடவே இல்லை என்று படகுத் தலைவர் பிறகு சொன்னார்.

திரும்பி வந்து பாடசாலைப் படலையடியில் சத்தி எடுத்தார். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஏசுவார், ஏசட்டும் என்று குனிந்துகொண்டிருந்தேன். "நெஞ்சு இன்னும் படபடக்குது மிஸ். ஒரு பிளேன்டீ கிடைக்குமா?" என்றார். நானே போய் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

அடுத்த கிழமை அறிக்கை எழுதினேன். "தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தாமதம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அக்காவிடம் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இதில உங்கட பேரும் இல்லை, அந்த மனிசன்ட பேரும் இல்லை மிஸ்" என்றார். நான் அந்த வரியை மாற்றவில்லை. அவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதப் பயிற்சி முடிந்த அன்று என்னை முதல்தடவையாகத் தங்கச்சி என்று கூப்பிட்டார். பிறகும் மழைக்கு முன் வந்து ஒழுங்கைகளைச் சுற்றிப் பார்த்துக்கொடுத்தார். அந்தக் கால் மணித்தியாலத்தைப் பற்றி இரண்டு வருடமாக நாங்கள் கதைத்ததே இல்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன், அறிக்கையை வாசித்தவர்களும் வாசிக்கட்டும்: அது தகவல் பரிமாற்றத்தின் தாமதம் இல்லை. நான் பயந்து தாமதித்தேன். அக்காவும் பயந்தார்தான். அவர் பயந்தது அந்த மனிதருக்காக. நான் பயந்தது எனக்காக.

போன சனிக்கிழமை கொழும்பு முழுக்க மழை. "எப்பிடி அக்கா? அங்க தண்ணியா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் வந்தது. திங்கட்கிழமை பின்னேரமும் கேட்டேன். அப்போதும் பதில் வந்தது. அதுதான் கடைசி. "தண்ணி இல்லை தங்கச்சி. நெஞ்சுக்குள்ள கொஞ்சம் காஸ் பிடிச்ச மாதிரி. மற்றபடி நான் நல்லா இருக்கிறன். பயப்படாதீங்க." நான் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டி அனுப்பிவிட்டுச் சமைக்கப் போனேன். நாய்க்கும் இடிக்கும் பயந்த ஒரு மனுஷி என்னைப் பயப்படாதே என்கிறாரே என்று எனக்கு ஒரு சொட்டு யோசனை வரவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். பேர் கிடக்கு, சரி போட்டுவிட்டேன். அதே பிழை. அதே நான்.

செத்தவீட்டுக்கு டெரன்ஸ் அப்பாவைத் தள்ளுநாற்காலியில் வைத்து கொட்டாஞ்சேனை வரைக்கும் கொண்டுவந்திருந்தார். அந்த அப்பா பெட்டியின் விளிம்பில் வலக்கையை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒரு போனைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். வீடியோவில் மெல்பனிலிருந்து மகன். விமான நிலையத்தில் நிற்கிறார். கண் சிவந்திருந்தது. "அக்கா, அம்மா உங்களைப் பற்றித்தான் எப்பவும் சொல்லுவா. கடைசியா அம்மா எப்பிடி இருந்தவ? நீங்க கண்டீங்களா?"

சொல்வதற்குச் சாக்குகள் எல்லாம் வாயில் வந்து நின்றன. மெசேஜ் போட்டவர் என்று, காஸ் என்றுதான் சொன்னவர் என்று, மழை என்று. சுவரில் இங்கேயும் ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லைத் தம்பி. நான் காணேல்லை. நல்லா இருக்கிறன் எண்டு எழுதினவ. நான் அதை நம்பிக்கொண்டு வீட்டில இருந்திட்டன்."

"அக்கா, எனக்கும் அம்மா அதைத்தான் எழுதினவ" என்றார். இரண்டு பேரும் அழுதோம்.

பிலோமினா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அவருடைய பயத்தைத்தான். அதை வைத்திருக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாது. அவருடைய கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டையும் விசாரித்து எழுதவேண்டிய பொறுப்பு இந்த வருடம் என்னுடையது. கொப்பியை அக்காவிடம் வாங்கி, போன மாதமே முடித்துவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் "நலம்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எல்லாம் போனில் கேட்டு எழுதியவை. நாளைக் காலை மட்டக்குளிக்குப் போகிறேன்.